கியர் எத்தனைன்னு கேட்காதீங்க, பிரேக் என்னன்னு கேளுங்க! குறைஞ்ச பட்ஜெட்டில் டிரெயில் சைக்கிள் வாங்க ஒரு தென்காசி கைடு

சாரல் நேரத்துச் சாயங்காலம். தென்காசியில் இருந்து கிளம்பி, சுந்தரபாண்டியபுரம் பக்கம் வயக்காட்டு வழியா சைக்கிளில் போறீங்க. ஒரு பாறை மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் சரிவில் இறங்குறீங்க. கல்லும் செம்மண்ணும் கலந்த பாதை, லேசான ஈரம். வேகம் கூடிக்கிட்டே போகுது. பிரேக்கைப் பிடிக்கிறீங்க. லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து முட்டுது. ஆனா, சைக்கிள் நிற்கலை.

அந்த விநாடியில் உங்க சைக்கிளில் 21 கியர் இருக்கிறதோ, பின்னாடி ஷாக் இருக்கிறதோ ஒரு உதவியும் செய்யாது. பிரேக்கும் டயரும் மட்டும்தான் உங்களைக் காப்பாத்தும். கடையில் சைக்கிள் பார்க்கும்போது இந்த இரண்டைப் பத்தியும் நாம கேட்கிறதே இல்லை என்பதுதான் சோகம்.

கல், பாறை, சரிவுன்னு கொஞ்சம் முரட்டுத்தனமா ஓட்ட ஆசை. கையில் இருக்கிறதோ அளவான காசு. உங்க நிலைமை இதுன்னா, அந்தக் காசை எதில் போடணும், எதில் போடக் கூடாது, வாங்கின பிறகு குற்றாலத்தைச் சுத்தி எங்கே ஓட்டலாம்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

'கியர் சைக்கிள்' எல்லாம் மலை சைக்கிள் இல்லை

நம்ம ஊரில் தடி டயரும் கியரும் இருந்தா அது 'கியர் சைக்கிள்'. பேப்பரில் 'எம்.டி.பி' என்றே போட்டிருக்கும். ஆனா, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சைக்கிளில் ஒண்ணு ஸ்கூலுக்குப் போய் வரத்தான் தாங்கும். இன்னொண்ணு பாறையில் இறங்கும்.

இதைப் பிரிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பு, சைக்கிள்களை அவை தாங்கும் பயன்பாட்டை வைத்து 5 வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை தார் ரோட்டுக்கு மட்டும். இரண்டாவது வகை மண் ரோட்டுக்கும் போகலாம். ஆனால் டயர் தரையை விட்டு எழும்பிக் குதித்தால் 15 செ.மீ-க்கு மேல் கூடாது. மூன்றாவது வகை கரடுமுரடான பாதைக்கு, 61 செ.மீ வரை குதிக்கலாம். நான்காவது வகை 122 செ.மீ வரை. ஐந்தாவது, டவுன்ஹில் மாதிரியான அதிதீவிர ரகம்.

நீங்க தேட வேண்டியது குறைந்தது மூன்றாவது வகை. பெரிய கம்பெனிகள் இதைக் கையேட்டிலோ, ஃபிரேமில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ சொல்லியிருப்பாங்க. சில விலை குறைந்த சைக்கிள்களின் கையேட்டில் 'கரடுமுரடான பாதையிலும் ஸ்டன்ட்டுக்கும் பயன்படுத்தக் கூடாது'ன்னு சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காம வாங்கி, ஃபிரேம் உடைஞ்ச பிறகு வாரன்டி கேட்டா கிடைக்காது.

முதல் காசு பிரேக்குக்கு

மவுன்டெயின் பைக் பிறந்த கதையே பிரேக் கதைதான். 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுன்ட்டி என்ற இடத்தில் சில இளைஞர்கள் பழைய தடி டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண் ரோட்டில் வேகமா இறங்கி விளையாடினாங்க. அந்த சைக்கிள்களில் பெடலைப் பின்னாடி மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக். ஒரு தடவை கீழே வந்து சேருவதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் சூட்டில் உருகிப் புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்கணும். 1976-ல் அவங்க தொடங்கின போட்டிக்கு அதனாலேயே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டத்து ஆளுங்கதான்.

சரிவில் பிரேக் சூடாகும், சூடானால் பிடி குறையும். ஐம்பது வருஷத்துக்கு அப்புறமும் இது மாறலை. இப்போ கடையில் மூணு வகை பிரேக் இருக்கு.

வி-பிரேக்: ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும். காய்ந்த ரோட்டில் சரி. சாரலில் ரிம் நனைந்து, மேலே சேறும் ஒட்டினால் வழுக்கும். முரட்டு டிரெயிலுக்கு வேண்டாம்.

மெக்கானிக்கல் டிஸ்க்: கேபிள் இழுத்து டிஸ்க்கைப் பிடிக்கும். பரவாயில்லை ரகம். ஆனால் பேடு தேயத் தேய நாமே டைட் பண்ணணும். கேபிளுக்குள் தண்ணீரும் மண்ணும் போனா லிவர் கனமாகும். தொடக்கத்தில் சொன்ன, ஹேண்டில்பார் வரைக்கும் வந்து முட்டும் லிவர், கவனிக்காமல் விட்ட கேபிள் பிரேக்கில் அடிக்கடி நடக்கிற கதை.

ஹைட்ராலிக் டிஸ்க்: ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும். ஒரே விரலில் பிடிக்கலாம். பேடு தேய்ஞ்சா தானாகவே சரி பண்ணிக்கும். ஷிமானோ எம்.டி.200 மாதிரி ஆரம்ப ரகமே இந்த வேலைக்குப் போதும். உங்க பட்ஜெட்டில் வேற எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீங்க.

கூடவே முன்னாடி டிஸ்க்கின் அளவையும் பாருங்க. 160 மி.மீ டிஸ்க்குக்குப் பதில் 180 மி.மீ போட்டால், அதே பிடிக்கு 12.5 சதவிகிதம் கூடுதல் நிறுத்தும் விசை கிடைக்கும். பெரிய டிஸ்க் சூட்டையும் சீக்கிரம் வெளியேற்றும். ஃபோர்க் 180-ஐ ஏத்துக்குமான்னு கேட்டுட்டு, டிஸ்க்கையும் ஒரு அடாப்டரையும் மட்டும் மாத்தினா போதும்.

ஒரு எச்சரிக்கை: ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில்தான். கார், பைக்குக்கு ஊற்றும் டாட் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் வீணாகிடும். டூவீலர் மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இதை மறக்காமல் சொல்லுங்க.

பின்னாடி ஷாக்... அழகா இருக்கும், ஆனா வேண்டாம்

15,000 ரூபாய்க்கு முன்னாடியும் பின்னாடியும் ஷாக் வெச்ச சைக்கிள் கிடைக்கும். பைக் மாதிரி கெத்தா இருக்கும். வாங்கிடாதீங்க.

காரணம் இதுதான். நல்ல ஷாக்கில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்க ஆயில் டாம்பர் இருக்கும். விலை குறைந்த ஷாக்கில் பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டும்தான். மேட்டில் மிதிக்கும்போது உங்க பலத்தில் ஒரு பகுதியை அது குலுங்கியே தின்னுடும். இறக்கத்தில் ஒரு கல்லில் ஏறினா, திருப்பி உங்களையே மேலே தூக்கி எறியும். ஃபிரேம் மடங்கும் இடத்தில் இருக்கும் புஷ் சில மாசத்தில் ஆட ஆரம்பிக்கும். அதுக்கு மாற்று பாகம் தேடினா கிடைப்பது கஷ்டம். போதாக்குறைக்கு எடையும் கூடும்.

பின் ஷாக் இல்லாம, முன்னாடி மட்டும் ஷாக் இருக்கும் சைக்கிளுக்கு 'ஹார்டுடெயில்'னு பேர். அதே விலையில் பின் ஷாக்குக்குப் போகவேண்டிய காசு பிரேக்குக்கும் வீலுக்கும் போகும். பின் ஷாக்கின் வேலையை உங்க முழங்காலே செய்யும். எழுந்து நின்று, முட்டியைத் தளர்த்தி ஓட்டக் கத்துக்கிட்டா அதைவிட நல்ல ஷாக் கிடையாது. அது இலவசமும்கூட.

ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்க

முன் ஷாக்குக்குக் கடையிலேயே ஒரு சோதனை இருக்கு. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, ஹேண்டில்பாரை உடம்பு எடையோட அமுக்கிட்டு, சட்டுனு விடுங்க. 'டக்'னு சத்தத்தோட மேலே வந்து அடிச்சா, உள்ளே டாம்பர் இல்லைன்னு அர்த்தம். நிதானமா எழும்பி வந்தா நல்லது. ஃபோர்க்கின் காலடியில் திருகும் குமிழ் இருந்து அது அந்த வேகத்தை மாத்தினா, அதுதான் 'ரீபவுண்ட்'. மேலே இருக்கும் 'லாக்அவுட்' குமிழைக் காட்டி ஏமாந்துடாதீங்க. அது ஷாக்கைப் பூட்டும், அவ்வளவுதான்.

காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் காத்து அடைச்ச 'ஏர்' ஃபோர்க் கிடைச்சா இன்னும் நல்லது. எடை குறையும். 50 கிலோ ஆளும் 85 கிலோ ஆளும் தன் எடைக்கு ஏத்த மாதிரி காத்து வெச்சுக்கலாம். சைக்கிளில் ஏறி நின்னா ஷாக் கால்வாசி அமுங்கணும். 120 மி.மீ ஃபோர்க்னா சுமார் 25-30 மி.மீ. துளிகூட அமுங்கலைன்னா காத்து ரொம்ப அதிகம்.

100 மி.மீ ஃபோர்க் சாதாரண மண் பாதைக்கு. முரட்டு ஓட்டத்துக்கு 120-140 மி.மீ நல்லது. ஆனால் 100 மி.மீ-க்கு வடிவமைச்ச ஃபிரேமில் 140-ஐ மாட்டாதீங்க. சைக்கிளின் கோணமே மாறி, ஹெட் டியூப் வெல்டில் அழுத்தம் கூடும்.

ஃபிரேமில் பார்க்க வேண்டிய மூணு

மத்த எல்லாத்தையும் பிறகு மாத்தலாம். ஃபிரேமை மாத்தினா அது வேற சைக்கிள். அதனால் இதில் கொஞ்சம் பொறுமையா இருங்க.

முதலாவது, ஹெட் டியூப். அதாவது ஹேண்டில்பார் இறங்கும் குழாய். மேலே குறுகி, கீழே அகன்று இருந்தா 'டேப்பர்ட்'. இப்போ வர்ற நல்ல ஃபோர்க் பெரும்பாலும் இதில்தான் பொருந்தும். குழாய் மேலிருந்து கீழே வரை ஒரே மாதிரி ஒல்லியா இருந்தா, நாளைக்கு நல்ல ஃபோர்க் மாட்ட ஆசைப்பட்டாலும் முடியாது.

இரண்டாவது, வீல் மாட்டும் அச்சு. ஒல்லியான குயிக் ரிலீஸ் கம்பியைவிட, குழாய் மாதிரி தடிமனா உள்ளே நுழைச்சு முறுக்கும் 'த்ரூ ஆக்சில்' உறுதியானது. பாறையில் வீல் ஆடாது.

மூன்றாவது, ஹெட் ஆங்கிள். கம்பெனி வெப்சைட்டில் 'ஜியோமெட்ரி' அட்டவணையில் இருக்கும். 69-70 டிகிரி என்றால் ரோட்டிலும் சமதளத்திலும் சுறுசுறுப்பு. 65-67 டிகிரி என்றால் முன் வீல் உங்களைவிட்டுக் கொஞ்சம் தள்ளி முன்னால் இருக்கும். செங்குத்தான இறக்கத்தில் ஹேண்டில்பாருக்கு மேலே கவிழ்ந்துடுவோம் என்ற பயம் குறையும்.

வீல், டயர், அப்புறம் நம்ம ஊர் முள்

பின் வீலில் கியர் சக்கரங்கள் மாட்டியிருக்கும் விதம் இரண்டு வகை. 'ஃப்ரீவீல்' வகையில் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அச்சின் வலது முனை தாங்கல் இல்லாம நீட்டிக்கிட்டு நிற்கும். நாலு தடவை குதிச்சா அச்சு வளையும், சில சமயம் உடையும். 7 கியர் வெச்ச விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான். 'ஃப்ரீஹப், கேசட்' வகையில் பேரிங் ஓரத்திலேயே இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்க. ரிம் 'டபுள் வால்' என்பதையும் உறுதிப்படுத்திக்கோங்க.

வீல் அளவு 29-ஆ, 27.5-ஆ? 29 இன்ச், கற்கள் மேல எளிதா உருளும். உயரம் 165 செ.மீ-க்குக் குறைவுன்னா 27.5 வளைச்சு ஓட்ட வசதி. இரண்டும் நல்லதுதான், இதுக்காகச் சண்டை வேண்டாம். டயர் அகலம் 2.2 முதல் 2.4 இன்ச் வரை இருக்கட்டும். பழைய டயரை மாத்தும் காசு இல்லைன்னா முன் டயரை மட்டுமாவது நல்லதா போடுங்க. பின் வீல் வழுக்கினா சமாளிச்சுடலாம். முன் வீல் வழுக்கினா விழுந்த பிறகுதான் தெரியும்.

காத்து விஷயத்தில் நம்ம பழக்கம் தப்பு. பஞ்சர் கடையில் 'கல்லு மாதிரி' அடிச்சுக் கொடுப்பாங்க. அந்த டயர் பாறையில் பிடிக்காது, துள்ளும். 65 கிலோ ஆளுக்கு, டியூப் போட்ட 2.3 டயரில் முன்னாடி 26-28, பின்னாடி 28-32 பி.எஸ்.ஐ என்று தொடங்கிப் பாருங்க. பாறை விளிம்பில் இடிச்சு டியூபில் பாம்பு கடிச்ச மாதிரி இரட்டை ஓட்டை விழுந்தா, இன்னும் இரண்டு கூட்டுங்க.

அடுத்து முள். உடைமுள், சீமைக்கருவேல முள், நெருஞ்சி... தென்காசி மாவட்டத்தில் குளக்கரைப் பாதையில் பஞ்சர் இல்லாம திரும்பினா அது அதிசயம். அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டுறவங்க 'கோட்ஹெட்'னு சொல்லி நடுங்குற முள் வேற எதுவும் இல்லை, நம்ம நெருஞ்சிதான். டியூபை எடுத்துட்டு டயருக்குள் சீலன்ட் திரவம் ஊற்றும் 'டியூப்லெஸ்' இதுக்கு நல்ல தீர்வு. சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும். ரிம்மும் டயரும் 'டியூப்லெஸ் ரெடி'யா இருக்கணும். நம்ம வெயிலில் சீலன்ட் காய்ந்துடும், இரண்டு மூணு மாசத்துக்கு ஒருமுறை பார்த்து ஊத்தணும். அது முடியாதவங்க பையில் ஒரு ஸ்பேர் டியூபும் கைப்பம்பும் வெச்சுக்கோங்க.

கியர் எத்தனை என்பது கடைசிக் கேள்வி

21, 24, 27 என்பதெல்லாம் முன் பல்சக்கரத்தையும் பின் பல்சக்கரத்தையும் பெருக்கின கணக்கு. அதில் பாதி ஒண்ணு மாதிரியே இருக்கும். இப்போ டிரெயில் சைக்கிளில் முன்னாடி ஒரே பல்சக்கரம், பின்னாடி 9 அல்லது 10. குலுங்கும்போது செயின் கழல்றது குறையும், பழுதும் குறையும். ஷிமானோவில் டர்னி, ஆல்டஸ், அசெரா, அலிவியோ, டியோர்னு தரம் ஏறிக்கிட்டே போகும். 2023-ல் வந்த 'க்யூஸ்' நடுத்தர ரகங்களுக்குப் பதிலா வந்தது. இரண்டு சைக்கிளில் எதை எடுக்கன்னு குழம்பினா, கியர் ஒருபடி குறைஞ்சு, பிரேக்கும் ஃபோர்க்கும் ஒருபடி கூடின சைக்கிளை எடுங்க.

உங்க கையில் எவ்வளவு?

சைக்கிள் மேல இருந்த ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமா குறைஞ்சிருக்கு. பழைய ஸ்டாக்கிலும் குறைச்ச விலைதானான்னு கேட்டுக்கோங்க. இனி தோராயக் கணக்கு.

15,000-க்குள்: முரட்டு டிரெயிலுக்குப் புது சைக்கிள் இந்த விலையில் தேடாதீங்க. மண் ரோட்டில் ஓட்டிப் பழக ஷாக்கே இல்லாத, நல்ல ஃபிரேம் சைக்கிள் போதும். இல்லைன்னா இன்னும் கொஞ்சம் சேர்த்து வைங்க.

25,000-45,000: இதுதான் நம்ம ஆட்டம் தொடங்கும் இடம். ஃபயர்ஃபாக்ஸ், மான்ட்ரா, டெகத்லானின் ராக்ரைடர் போன்ற பிராண்டுகளில் ஹைட்ராலிக் டிஸ்க், ஃப்ரீஹப், டபுள் வால் ரிம் மூணும் இருக்கும் ஹார்டுடெயிலைத் தேடுங்க. மாடலின் பாகங்கள் வருஷா வருஷம் மாறும். அதனால் பேரை நம்பாம, பாகங்களின் பட்டியலைப் படிங்க.

50,000-க்கு மேல்: ட்ரெக் மார்லின், ஜயன்ட் டாலன், ஸ்காட் ஆஸ்பெக்ட் போன்ற ஹார்டுடெயில்கள் பார்வைக்கு வரும். ஏர் ஃபோர்க், டேப்பர்ட் ஹெட் டியூப், த்ரூ ஆக்சில் மூணில் எத்தனை கிடைக்குதுன்னு ஒப்பிட்டுப் பாருங்க.

எந்த பட்ஜெட்டா இருந்தாலும் மொத்தத்தையும் சைக்கிளில் கொட்டிடாதீங்க. கையில் 40,000 இருந்தா, 32,000-33,000-க்கு சைக்கிள். மீதியில் ஹெல்மெட், கையுறை, முட்டிக் காப்பு, பம்ப், பஞ்சர் கிட், முள் பிடிப்புள்ள பெடல். செருப்புக் காலோட டிரெயிலுக்குப் போகாதீங்க. பெடலில் இருந்து கால் வழுக்கினா கெண்டைக்கால்தான் கிழியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமா. லாக்டவுன் நேரத்தில் ஆசையா வாங்கி வீட்டு மூலையில் நிற்கும் சைக்கிள்கள் பெரிய ஊர்களில் நிறைய. 30,000-க்கு நல்ல ஃபோர்க், நல்ல பிரேக்கோட கிடைச்சா அது அதே விலைக்குப் புதுசு வாங்குறதைவிட லாபம். ஆனா, நேரில் பார்க்காம பணம் அனுப்பாதீங்க.

வெயிலில் நிறுத்தி, ஹெட் டியூபும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டைப் பாருங்க. பெயின்ட்டில் முடி மாதிரி கோடு இருந்தாலும் வேண்டாம். ஃபோர்க்கின் பளபள கம்பியில் கீறல் நகத்தில் தட்டுப்பட்டா, ஆயில் சீல் போகும். முன் பிரேக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, 'லொடக்'னு சத்தம் வரக் கூடாது. வீலைச் சுத்திவிட்டு ரிம் நெளியுதான்னு பாருங்க. ஒரிஜினல் பில்லும் ஃபிரேம் நம்பரும் ஒத்துப்போகணும். பல கம்பெனிகளில் ஃபிரேம் வாரன்டி முதலில் வாங்கினவருக்கு மட்டும்தான் என்பதையும் விலை பேசும்போது மனசில் வைங்க.

இன்னொண்ணு: நம்ம நாட்டில் வலது லிவர் முன் பிரேக். வெளிநாட்டில் இருந்து வந்த சில சைக்கிளில் இது மாறி இருக்கும். சரிவில் இறங்கும் முன் எந்தக் கை எந்த பிரேக்னு பார்த்துக்கோங்க.

கடையை விட்டு வெளியே வரும் முன்

சைக்கிள் பெட்டியில் வரும், கடையில் மாட்டுவாங்க. அவசரத்தில் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டின சைக்கிள்கூட ரோட்டில் ஓடுறதைப் பார்க்கலாம். முன் டிஸ்க் பிரேக் உங்களுக்கு இடப் பக்கம், ஃபோர்க் காலுக்குப் பின்புறமா இருக்கணும். சைக்கிள் மேல கால் விரிச்சு நின்னா, மேல்குழாய்க்கும் உங்களுக்கும் நடுவில் குறைந்தது 5 செ.மீ இடைவெளி வேணும். 'வளர்ற பையன்'னு பெரிய சைஸ் வாங்காதீங்க. அது யூனிஃபார்ம் இல்லை. சீட்டை சட்டுனு இறக்க குயிக் ரிலீஸ் இருக்கான்னு பாருங்க. இறக்கத்துக்கு முன்னாடி சீட்டை இறக்கி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளினா பாதி பயம் போயிடும்.

முதல் மாசத்தில் கேபிளும் ஸ்போக்கும் தளரும். அதனால் ஒரு சர்வீஸ் கட்டாயம்.

சரி, எங்கே ஓட்டலாம்?

சைக்கிள் வாங்கினதும் மனசு நேரா செண்பகாதேவி, தேனருவிப் பக்கம்தான் போகும். வேண்டாம். குற்றாலத்துக்கு மேல இருக்கிறது காப்புக்காடு. தெற்கே போனா களக்காடு முண்டந்துறை. 1988-ல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாம உள்ளே போறது குற்றம். 2022 நவம்பரில் கடையம் பக்கத்தில் கரடி தாக்கி மூணு பேர் பலத்த காயம் பட்டாங்க. வடகரை, மேக்கரைத் தோட்டங்களில் யானை இறங்குறதும் புதுசில்லை. சத்தமில்லாம வேகமா வர்ற சைக்கிளைப் பார்த்து மிரள்ற விலங்கு என்ன செய்யும்னு யாராலும் சொல்ல முடியாது.

ஓடைப்படுகையும் வேண்டாம். நீங்க நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலைமேல் மழை கொட்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித் திடீர்னு வந்த வெள்ளத்தில் 17 வயசுப் பையன் ஒருத்தர் உயிரிழந்தார்.

அப்போ எங்கே? மலையைவிட்டு கிழக்கே வாங்க. சுந்தரபாண்டியபுரம், சுரண்டை பக்கம் காற்றாலைகளுக்கு நடுவில் போகும் செம்மண் வண்டிப்பாதைகள், ஊர்ப்பொதுப் பாறை மேடுகள், குளக்கரைகள். நடவு இருக்கும் வயலுக்குள் இறங்காதீங்க, தனியார் தோட்டம்னா கேட்டுட்டுப் போங்க. ஆடு மாடு வந்தா இறங்கி நின்னு வழிவிடுங்க. சங்கரன்கோவில் பக்கம் கரிசல் மண். மழைக்கு அப்புறம் போனா மண் டயரில் அப்பி வீலே சுத்தாது. செம்மண் பாதை சீக்கிரம் காயும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியா மேற்கே இருந்து காத்து தள்ளும். அதனால், போகும்போது காத்தை எதிர்த்துப் போய், களைச்சுத் திரும்பும்போது காத்தோட வாங்க. சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலம் ரோட்டையே மறந்துடுங்க. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்குள் திரும்புறது உத்தமம். தனியா போகாதீங்க, போனா வீட்டில் வழியைச் சொல்லிட்டு, லைவ் லொக்கேஷன் போட்டுட்டுப் போங்க.

போட்டி அளவுக்கு ஆசை இருக்கா? மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மவுன்டெயின் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. அங்கேயும் காட்டை வெட்டிப் பாதை போடலை. ஒரு எஸ்டேட்டுக்குள் தடம் அமைச்சுதான் நடத்தினாங்க. இடம் கொடுத்தா நம்ம பக்கமும் அப்படி ஒரு தடம் வரலாம். அதுவரை, இருக்கிற பாதையில் நல்ல பெயர் எடுத்து வெச்சா, நாளைக்குக் கேட்கிற இடத்தில் 'சரி'ன்னு சொல்லுவாங்க.

கிளம்பும் முன் ஒரு நிமிஷம்

ஒவ்வொரு தடவையும் இந்த நாலைப் பாருங்க. இரண்டு பிரேக் லிவரையும் அழுத்துங்க, பாதி தூரத்திலேயே கல்லு மாதிரி நிற்கணும். டயரைக் கட்டைவிரலால் அமுக்குங்க. இரண்டு வீலின் அச்சும் இறுக்கமான்னு பாருங்க. ஹெல்மெட் பட்டையை மாட்டுங்க. தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடம் போதும்.

அந்த பாறை மேடு அங்கேயேதான் இருக்கும். பிரேக்குக்காக இன்னும் இரண்டு மாசம் காசு சேர்த்துட்டுப் போனாலும், சாரல் அடுத்த வருஷமும் வரும். அவசரமே இல்லை.